ஒயர் ஹோல்டரா, ஒட்டுகிற ஹோல்டரா? கட்டிவிடுகிறவள் சொல்கிறேன்

ஒரு நாளோ அதற்கு மேலோ உடம்பில் கட்டிவைத்து இதயத் துடிப்பைப் பதிவு செய்கிற கருவிக்குத்தான் ஹோல்டர் என்று பெயர். டாக்டர் சீட்டில் அதை எழுதிக் கொடுத்ததுமே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடுகிறது. பணம் கட்டுகிற இடத்திலேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும். "கரண்ட் அடிக்குமா?" "ராத்திரி எப்படிப் படுக்க?" அப்புறம், "ஒயர் இல்லாம ஒட்டுறது ஒண்ணு வந்திருக்காம்லா, அதையே போட்டுவிடுங்களேன்." முதல் கேள்விக்குப் பதில், அடிக்காது. உடம்பிலிருந்து வருவதை அது வாங்கிக்கொள்ளும், உடம்புக்கு எதையும் அனுப்பாது. இரண்டாவதற்கு, குப்புறப் படுக்காமல் எப்படி வேண்டுமானாலும் படுக்கலாம். மூன்றாவதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதற்குத்தான் இந்த ரிவியூ.

நான் திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கார்டியாக் டெக்னீசியன். ஈசிஜி எடுப்பது, டிரெட்மில்லில் ஆளை நடக்கவிட்டுப் பக்கத்தில் நிற்பது, ஆள் குறைந்த ராத்திரிகளில் ஐசியு மானிட்டரைப் பார்ப்பது என்று எல்லாம் உண்டு. ஆனால் பகலில் பெரும்பாதி ஹோல்டருக்கே போய்விடும். காலையில் கட்டுவேன், முந்தின நாள் கட்டியதைக் கழற்றுவேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதைப் படிப்பேன். எங்களிடம் ஒயர் வைத்த பழைய வகையும் இருக்கிறது, நெஞ்சில் பட்டையாக ஒட்டுகிற புது வகையும் இருக்கிறது. கம்பெனி பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய எல்லாக் கம்பெனிப் பெட்டியும் செய்வது ஒரே வேலைதான்.

சாதாரண ஈசிஜி பிடிப்பது பத்து விநாடி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்துக்கொண்டாலே இதயம் ஒரு நாளில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. அதில் ஒரு பத்துப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டு, "ஈசிஜி நார்மல்தான், ஆனா படபடப்பு இருக்குங்கிறீங்க" என்று டாக்டர் தலையைச் சொறிகிற இடத்தில்தான் ஹோல்டர் வருகிறது. இதைக் கண்டுபிடித்தவர் நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர், மொண்டானா மாநிலத்துக்காரர். 1940களின் கடைசியில் அவர் முதன்முதலில் செய்த கருவி முப்பது கிலோவுக்கு மேல் எடை. முதுகில் மூட்டையாகக் கட்டிச் சுமக்க வேண்டியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு "இதைத் தூக்கிட்டே அலையணுமா?" என்று கேட்கிற அண்ணாச்சிகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன். ஒருத்தரும் சமாதானமானதில்லை.

முதலில் ஒயர் பெட்டி. ஏழு ஒயர், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பட்டன். ஜெல் தடவிய எலெக்ட்ரோடை நெஞ்சில் ஏழு இடத்தில் ஒட்டி, பட்டனை அழுத்தினால் டக்கென்று பொருந்தும். மூன்று சேனலில் பதிவு ஓடும், அதாவது ஒரே துடிப்பை மூன்று கோணத்தில் பார்க்கிற மூன்று கோடு. ஒரு சின்ன பேட்டரி, ஒவ்வொரு ஆளுக்கும் புதிது. பெட்டியைப் பையில் போட்டுக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிடுவோம். குளிக்கக் கூடாது. இந்த ஊரில் அந்த ஒரு நாளே பெரிய தண்டனைதான். ஆற்றில் இறங்காமல் காப்பி குடிக்காத ஆட்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் தோலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும், எலெக்ட்ரோடு தோலைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் வருவது வெறும் கிறுக்கல். எங்கள் ஊர் நெஞ்சுகளில் இல்லாதது கிடையாது. தேங்காயெண்ணெய், பவுடர், சந்தனம், திருநீறு, வலிக்குப் போட்ட தைலம். நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு நேரே வருகிறவர்களை எடுத்த எடுப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, காஸ் துணியால் தோல் லேசாகச் சிவக்கும்வரை தேய்க்க வேண்டும். ஆண்கள் என்றால் அந்த இடங்களில் ரோமத்தை மழிக்க வேண்டும். இதற்கு மட்டும் பெரிய வாக்குவாதம் நடக்கும். சதை ஆடுகிற இடத்தில் ஒட்டாமல் எலும்பு மேலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் ஒரு சுற்று வளைத்து டேப் போட்டால்தான் இழுபட்டாலும் பட்டன் பிடுங்காது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் முடி என்று மேலிருந்து சொல்வார்கள். நான் முடிப்பதில்லை.

பெண்களுக்குத் தாலிச் சங்கிலி. கழற்றச் சொல்ல மாட்டேன், அதற்கு அவசியமும் இல்லை. தொந்தரவு சங்கிலியில் தொங்குகிற ஊக்குகளால்தான். நாலு ஊக்கு, ஐந்து ஊக்கு, நடக்க நடக்க ஒயரில் போய் மாட்டும். "ஆச்சி, ஊக்கை மட்டும் கழட்டிப் பர்ஸ்ல போட்டுக்கிடுங்க" என்றால், "அவசரத்துக்கு வேணும்லா தாயி" என்று பதில் வரும். மேலப்பாளையத்திலிருந்து வருகிற பெண்கள் வாசலிலேயே "கட்டுறது பொம்பளையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிகிற இடமா என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. முன்பக்கம் திறக்கிற தளர்வான சட்டையோ பிளவுஸோ போட்டு வந்தால் எல்லோருக்கும் வேலை மிச்சம்.

இனி பெட்டியின் சாமர்த்தியம். முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றுகிற ஒரு அம்மா வந்திருந்தார். நெஞ்சு படபடக்கிறது, சில நேரம் கண்ணைக் கட்டுகிறது என்று சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். மறுநாள் பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டதும் சாஃப்ட்வேர் சிவப்பாக ஒரு வரி காட்டியது: காலை பத்தரை மணி சுமாருக்கு விடி, பதினொரு விநாடி. விடி என்றால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா, இதயத்தின் கீழறையிலிருந்து தறிகெட்டு வருகிற வேகத் துடிப்பு. ஆளைக் கொல்லக் கூடியது. முதல் சேனலைப் பார்த்தால் உண்மையாகவே பயமாகத்தான் இருந்தது. அகல அகலமான அலைகள், ரம்பப் பல் மாதிரி, நிற்காமல்.

மூன்றாவது சேனலைப் பெரிதாக்கினேன். அங்கே அதே பதினொரு விநாடியில் நிமிடத்துக்கு 84 என்று ஒழுங்கான துடிப்பு நடந்துகொண்டிருக்கிறது. திரும்ப முதல் சேனலுக்கு வந்து, அந்தத் துடிப்புகள் எந்தெந்த இடத்தில் விழ வேண்டுமோ அந்தந்த இடத்தில் தேடினால், ரம்பப் பற்களுக்கு ஊடாகச் சின்னச் சின்ன முள் ஒன்றும் தவறாமல் இருக்கிறது. அப்படியானால் இதயம் அதன்பாட்டுக்கு ஒழுங்காகத்தான் துடித்திருக்கிறது. மேலே ஆடியது வலது தோள்பட்டைப் பக்கத்து எலெக்ட்ரோடு. போன் போட்டேன். "பத்தரைக்கு என்ன செஞ்சிட்டு இருந்தீங்கம்மா?" "என்ன செய்ய, சொளவை மடியில வச்சு பீடி சுத்திட்டு இருந்தேன். நேத்தைய கணக்கு பாக்கி கிடந்துச்சு." கட்டிய நாளில் வேலை செய்யலாம் என்று சொன்னது நாங்கள்தான், அதில் தப்பே இல்லை. அந்த அம்மாவின் உண்மையான தொந்தரவு மேலறையிலிருந்து இடையிடையே முந்திக்கொண்டு வருகிற துடிப்புகள். அது சாயங்காலப் பதிவில் தனியாகக் கிடைத்தது.

காலையில் பல் தேய்க்கும்போதும் இதே மாதிரி அலை வரும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் வரும். இப்படிப்பட்ட பொய்யலையை நிஜம் என்று நம்பி வேண்டாத சோதனைகள், வேண்டாத கருவி பொருத்துதல் வரைக்கும் போன நோயாளிகளைப் பற்றி 1999-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒயர் பெட்டிக்கு நான் ஐந்துக்கு நாலு கொடுப்பது இதனால்தான். ஒருத்தன் பொய் சொன்னால் மறுக்க இன்னும் இரண்டு சாட்சி இருக்கிறது.

சாஃப்ட்வேருக்கு ஐந்துக்கு ஒன்றரை. வடிவம் ஒன்றாக இருக்கிற துடிப்புகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்துத் தருகிறது, அதற்கு அந்த ஒன்றரை. மற்றபடி ஆள் இடது பக்கம் திரும்பிப் படுத்ததும் அலையின் உயரம் மாறினால், அதை வேறு வகைத் துடிப்பு என்று எழுதிவிடும். பட்டன் கழன்று கோடு நேராகப் போனால், இதயம் ஆறு விநாடி நின்றது என்று எழுதிவிடும். தூக்கத்தில் ஒரு இளவட்டப் பையனுக்கு நாற்பத்தைந்துக்கு இறங்கினால் சிவப்பு. உடற்பயிற்சி பழகியவனுக்குத் தூக்கத்தில் அது சகஜம். இதையெல்லாம் மனுஷன் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும். எனவே ரிப்போர்ட் ஒரு மணி நேரத்தில் கையில் கிடைக்கும் என்று ஒரு இடத்தில் விளம்பரம் செய்தால், அதைப் படித்தது யார் என்று கேளுங்கள்.

பட்டை ஹோல்டருக்கு வருகிறேன். இடது நெஞ்சின் மேல்பக்கம் ஒரே ஒரு வில்லை. நடுவில் பெரிய பொத்தான் அளவுக்குக் கருவி. கருவி எங்களுக்குத் திரும்பி வந்துவிடும், ஒட்டுகிற வில்லை ஒரு தடவையோடு சரி. 14 நாள் வரை ஒட்டி வைக்கிற வகைகள் உலகத்தில் உண்டு; எங்களிடம் இருப்பது ஏழு நாள் வகை. ஒட்ட ஐந்து நிமிடம், சட்டை போட்டால் வெளியே தெரியாது. ஸ்கூல் டீச்சர், பேங்க் வேலைக்காரர், கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவர் எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள், விரும்பாமல் என்ன செய்வார்கள். லேசாகக் குளிக்கவும் செய்யலாம், முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நின்றால் போதும். அருவி கூடாது, ஆறு கூடாது. சாரல் சீசனில் "குற்றாலத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்திருதேனே" என்று கேட்கிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. குற்றாலம் 2019-லேயே தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டது, கேள்வி மட்டும் எங்களிடம்தான் வருகிறது.

குறை என்னவென்றால், ஒரே சேனல். முக்கூடல் அம்மாவுக்குப் பட்டை ஒட்டியிருந்தால் அந்த முள்ளுகளை ஒரே சேனலுக்குள் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். கைவேலை செய்கிறவர்கள் நிறைந்த ஊரில் இது சின்னக் குறை இல்லை. பத்தமடையில் பாய் நெய்கிறவர், மாவாட்டிக் கொடுக்கிறவர், தையல் மிஷின் ஓட்டுகிறவர் என்று நாள் முழுக்கக் கை ஆடுகிறவர்கள்தான் எங்களிடம் பாதி.

அப்படி இருந்தும் பட்டைதான் காரியம் சாதித்த இடங்கள் உண்டு. திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறித் தாத்தா. பதநீர்க் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, திடீரென்று ஒரு நொடி உலகம் இருட்டிவிட்டு வருகிறதாம். மரத்துமேல் இருக்கும்போது வந்தால்? ஏறவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். ஒயர் பெட்டியில் 24 மணி நேரம் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. மாதக்கணக்கில் ஒரு தடவை வருகிற சீக்கு நாம் கட்டிய நாளில் பார்த்து வரவா போகிறது. ஏழு நாள் பட்டை ஒட்டி அனுப்பினோம். மரம் ஏறாமல் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பதநீர் காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் ஓலை தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஐந்தாம் நாள் மத்தியானம், தொந்தரவு வந்தால் அழுத்தச் சொன்ன பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

அந்த இடத்தைத் திறந்து பார்த்தபோது, மேலறையின் சின்ன மேடுகள், பி அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வர வேண்டிய பெரிய கூர்முனை மட்டும் இல்லை. நாலரை விநாடி கழித்துத்தான் கீழறை துடிக்கிறது. எலெக்ட்ரோடு கழன்றிருந்தால் பி அலை இவ்வளவு துல்லியமாக நடக்காது. மேலிருந்து கீழே போகிற கரண்ட் வழியில் அடைபட்டிருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சேனலே போதும். மூன்று விநாடிக்கு மேல் நின்றால் ரிப்போர்ட் அடிக்கிறவரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவது என் வழக்கம். அன்று சாயங்காலமே தாத்தாவை வரவழைத்து அட்மிட் செய்தார்கள், பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. "இனி ஏறலாமா?" என்று என்னிடம்தான் முதலில் கேட்டார். டாக்டரிடம் கேளுங்க தாத்தா என்று நழுவிவிட்டேன்.

பட்டையின் அடுத்த குறை, வெயில். கம்பெனிக்காரர்கள் காட்டுகிற படத்தில் ஏசி அறையில் சிரித்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைக் கத்திரி வெயிலில் நாங்குநேரி பஸ்ஸில் நின்றுகொண்டு வரச் சொல்ல வேண்டும். வேர்வையில் ஓரம் தூக்கும், தூக்கிய ஓரத்தில் அழுக்குப் பிடிக்கும், மூன்றாம் நாள் அரிக்கும். வேர்க்குரு உள்ள தோல் என்றால் ஏழு நாள் தாங்காது. மே மாதத்தில் ஒட்டி அனுப்பியவர்களில் சிலர் நாலாம் நாளே வில்லையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து மேசை மேல் வைத்துவிட்டார்கள். மார்கழி, தை என்றால் பிரச்சினை இல்லை. ஒயர் பெட்டிக்கும் வேர்வை ஆகாதுதான். ஆனால் அது ஒரே நாள், ஒரு எலெக்ட்ரோடு கழன்றாலும் மற்றவை வேலை பார்க்கும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் ஓரத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவிட்டால் ரோமம் பிடுங்காமல் வரும். கட்டும்போது எண்ணெய் எதிரி, கழற்றும்போது அதுதான் துணை.

பட்டைக்கு மூன்றரை. பணமும் கூடுதல், எங்கள் இடத்தில் ஒயர் பெட்டிக்கு ஆகிற செலவைவிட நன்றாகவே அதிகம். ஏழு நாள் பதிவைப் படிக்கிற நேரமும் அதே கணக்கில் கூடுகிறது. அதற்குச் சம்பளம் கூடவில்லை என்பதை இங்கே சொல்லி என்ன ஆகப் போகிறது.

துபாயிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய வாட்ச்சில் ஈசிஜி வருகிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது முப்பது விநாடி, ஒரே லீடு, அதாவது ஒரே கோணம், நீங்களாக விரல் வைத்தால்தான் எடுக்கும். ஏஎஃப் என்கிற தாறுமாறான துடிப்பைப் பிடிக்கக் கெட்டிக்காரக் கருவி. ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்காது என்று வாட்ச் கம்பெனியே எழுதியிருக்கிறது. படபடப்பு வந்த நேரம் எடுத்த பதிவு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், பிரயோஜனப்படும். தூங்கும்போது நிற்கிற இதயத்தை அது எழுப்பிச் சொல்லாது. ஹோல்டரும் நெஞ்சுவலிக்கான கருவி இல்லை. வலி நெஞ்சை அழுத்தி, கைக்குப் பரவி, வேர்த்துக் கொட்டினால் ஹோல்டர் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ போங்கள்.

எதைக் கேட்டு வாங்குவது? தினமும் தொந்தரவு வருகிறது என்றால் ஒயர் பெட்டி, ஒரு நாள் போதும். கைவேலைக்காரர் என்றாலும் ஒயர் பெட்டி. எப்போதாவது ஒரு தடவை மயக்கம், வாரத்துக்கு ஒரு தடவை படபடப்பு என்றால் பட்டை. பக்கவாதம் வந்து காரணம் தெரியாதவர்களுக்கும் டாக்டர் பட்டையை எழுதினால் செலவு என்று தட்டாதீர்கள். ஒளிந்து ஒளிந்து வருகிற ஏஎஃப் ஒரு நாளில் சிக்குவதில்லை. அதுதான் மேலறையில் ரத்தத்தை உறையவிட்டு மூளைக்கு அனுப்புகிறது. கடைசி முடிவு டாக்டருடையது, ஆனால் கேட்பதில் தப்பில்லை.

எதைக் கட்டினாலும் டைரித் தாளை நிரப்பிக் கொண்டுவாருங்கள். கம்பெனி கொடுக்கிற தாள் இங்கிலீஷில் இருக்கிறது. நான் தமிழில் ஒன்று அடித்து ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். மணியும் என்ன செய்தீர்கள் என்பதும் போதும். "11.20 மாடி ஏறினேன், நெஞ்சு திக்குதிக்குன்னு வந்தது" என்று ஒருத்தர் எழுதியிருந்தால் என் வேலை பாதி முடிந்தது. பாளையங்கோட்டை ஆச்சி ஒருவர் நாள் முழுக்க "சும்மா இருந்தேன்" என்றே எழுதியிருந்தார். பொத்தானை மட்டும் நாற்பது தடவை அழுத்தியிருந்தார். வேலை செய்யுதான்னு பார்த்தேன் என்றார்.

திங்கட்கிழமை கூட்டம் சொல்லி மாளாது. செவ்வாய், புதன் காலை எட்டரைக்கு வாருங்கள், குளித்துவிட்டு, பவுடர் போடாமல். பேட்டரி புதிதா, எலெக்ட்ரோடு பாக்கெட் இப்போது பிரித்ததா என்று கேளுங்கள். பிரித்து நாளான பாக்கெட்டில் ஜெல் காய்ந்திருக்கும். கேட்டால் எனக்குக் கோபம் வராது. கழற்ற வருகிற நேரத்தை மட்டும் தவறவிடாதீர்கள், பெட்டிக்கு அடுத்த ஆள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.